கணினி போட்ட எண் கைக்கு வருவது எப்படி?

தரவுத்தளத்தில் புதுப் பதிவு ஒன்று ஏறும்போது அதன் எல்லாப் புலங்களையும் அனுப்புபவரே நிரப்புவதில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை வெளியிலிருந்து வருகின்றன. பதிவின் வரிசை எண், பதிவான நேரம், தொடக்க நிலை போன்ற சிலவற்றைத் தரவுத்தளம் தானாகவே போட்டுக்கொள்கிறது. அனுப்பும் நிரலுக்கு அந்த மதிப்புகள் முன்கூட்டித் தெரியாது. ஆனால் அடுத்த வேலைக்கு உடனே தேவைப்படுவது பெரும்பாலும் அந்த எண்தான். அதைப் பிசகில்லாமல் திரும்பப் பெறுவது, நிரல் எழுதப் பழகுவோர் முதல் மாதத்திலேயே சந்திக்கும் கேள்வி. பல ஆண்டு தொழிலில் இருப்பவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்.

இந்தத் தேவை எங்கே எழுகிறது என்பதைப் பார்க்க இ-சேவை மையம் போதும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோட்டக்குப்பம். பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியான ஊர். அங்கே ஒரு மாணவி கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்று கேட்டு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளலாம். கணினியில் உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பது, "கேன் நம்பர் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் அடித்து, செல்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்லச் சொல்லி, விண்ணப்பிப்பவரை அடையாளம் காட்டும் கேன் எண் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறார். அந்த எண்ணின் பேரில்தான் விண்ணப்பமே போட முடியும். விண்ணப்பம் ஏறியதும் அதற்குத் தனியாக ஓர் எண் பிறக்கிறது. ஒப்புகைச் சீட்டில் அச்சாவது அதுதான். ஸ்கேன் செய்த ஆதார், குடும்ப அட்டை, பெற்றோரின் சாதிச் சான்று எல்லாம் அந்த விண்ணப்ப எண்ணோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) என்று கோப்பு மேலே நகர்வதும் அந்த எண்ணை வைத்தே.

ஆக, ஒருவர், அவருடைய விண்ணப்பம், அதனோடு சேர்த்த ஆவணங்கள் என்று மூன்று அடுக்குப் பதிவுகள். மேல் அடுக்கில் பிறந்த எண் கையில் கிடைக்காமல் கீழ் அடுக்கை எழுத முடியாது. நடுவில் எண் மாறிப்போனால் திரையில் சிவப்பு எழுத்தில் பிழை எதுவும் வராது. ஒரு மாணவியின் ஆவணங்கள் இன்னொருவருடைய விண்ணப்பத்தில் அமைதியாகப் போய்ச் சேர்ந்துவிடும். அரசின் இந்தத் தளம் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருந்தாலும் சரி, இப்படி அடுக்கடுக்காக எண் தேவைப்படும் எந்த மென்பொருளும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

பழகுவோர் மனதில் முதலில் தோன்றும் வழி, பதிவைச் சேர்த்துவிட்டு, "இந்த அட்டவணையில் இருப்பதிலேயே பெரிய எண் எது?" என்று கேட்பது. தனி ஆளாக வீட்டுக் கணினியில் சோதித்தால் நூற்றுக்கு நூறு சரியாக வரும். அதனாலேயே இந்த வழி இன்னும் சாகாமல் இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு மையங்கள் வேலை செய்யும்போது வண்டவாளம் வெளிப்படும். கோட்டக்குப்பத்தில் ஏறிய விண்ணப்பத்துக்கு 4817 விழுகிறது. பெரிய எண்ணைக் கேட்கும் கட்டளை போய்ச் சேர்வதற்குள் திண்டிவனத்தில் ஒன்று ஏறி 4818 ஆகிவிடுகிறது. இப்போது கோட்டக்குப்பத்துக்குக் கிடைக்கும் பதில் 4818. ஒப்புகைச் சீட்டில் அந்த எண்ணே அச்சாகும். ஆவணங்களும் அந்த எண்ணுக்கே போகும். இடைவெளி சில மில்லி விநாடிதான் என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை. பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் மாநிலம் முழுவதும் மையங்களில் கூட்டம் நெரியும்போது அந்தச் சில மில்லி விநாடிக்குள் எத்தனையோ பதிவுகள் ஏறிவிடும்.

தரவுத்தள மென்பொருள்கள் இதற்குக் கண்ட முதல் தீர்வு, நிரல் தரவுத்தளத்தோடு பேசத் திறக்கும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்வது. மைஎஸ்க்யூஎல்லில் 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்று அறிவித்த புலத்தில் எண் தானாக விழும். 'லாஸ்ட் இன்சர்ட் ஐடி' என்ற செயற்கூறு, கேட்பவரின் இணைப்பில் கடைசியாக விழுந்த எண்ணை மட்டும் சொல்லும். திண்டிவனத்தில் என்ன ஏறினாலும் கோட்டக்குப்பத்தின் இணைப்புக்கு அதன் சொந்த 4817-தான் பதில். எஸ்க்யூலைட்டில் 'லாஸ்ட் இன்சர்ட் ரோ ஐடி' இதே வேலையைச் செய்கிறது. போஸ்ட்கிரெஸில் எண் வழங்கும் 'சீக்வென்ஸ்' என்பது அட்டவணைக்கு வெளியே தனிப்பொருளாக இருக்கிறது. அதனிடம் 'கர்வால்' என்று கேட்டால் அந்த இணைப்பு கடைசியாக வாங்கிய எண் கிடைக்கும்.

இதிலும் பள்ளங்கள் உண்டு. இணையத்தளங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறப்பதில்லை. திறந்த இணைப்புகளைக் குவித்து வைத்துக்கொண்டு, காலியாக இருப்பதை எடுத்துக் கொடுக்கும். சேர்க்கும் கட்டளை ஓர் இணைப்பிலும் எண் கேட்கும் கட்டளை வேறோர் இணைப்பிலும் போனால் பூஜ்யம் வரும், அல்லது அந்த இணைப்பில் முன்பு வேலை பார்த்த யாருடைய எண்ணோ வரும். இரண்டாவதுதான் ஆபத்து. இன்னொன்று, மைஎஸ்க்யூஎல்லில் ஒரே கட்டளையில் பத்துப் பதிவுகளைச் சேர்த்தால் இந்தச் செயற்கூறு தருவது முதல் பதிவின் எண்ணை. பெயரில் 'லாஸ்ட்' இருப்பதால் கடைசிப் பதிவின் எண் என்று நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஏராளம்.

எஸ்க்யூஎல் சர்வரில் இருந்த பொறி இதைவிட நுட்பமானது. அங்கே இரண்டு 'அட்' குறி போட்டு எழுதும் 'ஐடென்டிட்டி' என்ற மாறி, அந்த இணைப்பில் கடைசியாக எந்த அட்டவணையில் எண் பிறந்தாலும் அதைத் தரும். விண்ணப்ப அட்டவணைக்கு ஒரு 'டிரிக்கர்' வைத்திருப்பதாகக் கொள்வோம்: புது விண்ணப்பம் ஏறும்போதெல்லாம் யார், எப்போது ஏற்றினார் என்று தணிக்கை அட்டவணையில் ஒரு வரி தானாக எழுதப்படும். அந்த வரிக்கும் எண் உண்டு. நிரல் திரும்பக் கேட்கும்போது வருவது தணிக்கை வரியின் எண். மென்பொருளைச் சோதிக்கும் நாட்களில் இரண்டு அட்டவணைகளும் காலியாகத் தொடங்கி 1, 2, 3 என்று சேர்ந்தே நகரும். எல்லாம் சரி என்று தோன்றும். திருத்தங்களையும் தணிக்கையில் எழுதத் தொடங்கியதும் இரண்டு எண்களும் விலகும். பிழையை உண்டாக்கியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 'ஸ்கோப் ஐடென்டிட்டி' இதைச் சரிசெய்தது: டிரிக்கருக்குள் நடந்ததை விட்டுவிட்டு, கேட்ட இடத்தில் நேரடியாக நடந்த சேர்க்கையின் எண்ணை மட்டும் அது தரும்.

ஆனாலும் சேர்ப்பது ஒரு கட்டளை, கேட்பது இன்னொரு கட்டளை என்று பிரிந்திருக்கும்வரை நடுவில் ஏதாவது நுழைய இடம் இருக்கும். நேரான வழி, சேர்க்கும் கட்டளையிலேயே பதிலையும் கேட்டுவிடுவது. போஸ்ட்கிரெஸில் 2006-இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து இது உண்டு. 'இன்சர்ட் இன்டு விண்ணப்பம்' என்று தொடங்கி மதிப்புகளைக் கொடுத்து, இறுதியில் 'ரிட்டர்னிங் எண்' என்று சேர்த்தால் போதும். பதிவு ஏறுவதும் எண் திரும்புவதும் ஒரே செயல். ஆரக்கிளில் 'ரிட்டர்னிங் இன்டு' இதற்கும் பழையது. எஸ்க்யூஎல் சர்வர் 2005-இல் 'அவுட்புட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. மரியாடிபிக்கு 2020-இலும் எஸ்க்யூலைட்டுக்கு 2021-இலும் 'ரிட்டர்னிங்' வந்துசேர்ந்தது. ஜாவாவில் எழுதுவோர் 'கெட் ஜெனரேட்டட் கீஸ்' என்று கேட்பதும், பிஎச்பியில் 'லாஸ்ட் இன்சர்ட் ஐடி' என்று கேட்பதும் இந்த வசதிகளுக்கு மேல் போர்த்திய உறைகளே. ஹைபர்நேட், ஜாங்கோ போன்ற நிரல் சட்டகங்களில் சேமி என்று சொன்னதும் எண் தானாக வந்து பொருளில் உட்கார்ந்துவிடும். அடியில் நடப்பது இதுதான்.

இந்த வழியின் உண்மையான வசதி எண்ணோடு நிற்பதில்லை. பதிவான நேரத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஒப்புகைச் சீட்டில் அச்சாகும் நேரம் மையத்துக் கணினியின் கடிகாரம் காட்டும் நேரமாக இருக்கக் கூடாது. அந்தக் கடிகாரம் பேட்டரி தீர்ந்து பத்து ஆண்டு பின்னால் நிற்கலாம். தரவுத்தளம் எழுதிய நேரமே திரும்பி வந்து அச்சாக வேண்டும். தொடக்க நிலை, கணக்கிட்டு நிரப்பப்படும் கட்டணம் ஆகியவற்றுக்கும் இதே நியாயம். பல பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தால் அத்தனைக்கும் தனித்தனி வரியாகப் பதில் வரும்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே இந்த விஷயத்தின் நுனி அறிமுகமாகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானிலிருந்து எஸ்க்யூலைட்டை இயக்கக் கற்றுத்தருகிறது. அதில் மாணவர் அட்டவணையில் பதிவு சேர்க்கும்போது ரோல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' என்று வெறுமையாக விடுகிறார்கள். எண்ணை எஸ்க்யூலைட் தானே போட்டுக்கொள்கிறது. விழுந்த எண் என்னவென்று அறிய, கட்டளையை இயக்கிய 'கர்சர்' என்ற பொருளிடம் 'லாஸ்ட் ரோ ஐடி' என்று கேட்டாலே போதும். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு குணம் உண்டு. அந்தப் புலத்தை வெறும் முதன்மை எண்ணாக அறிவித்தால், இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் எஸ்க்யூலைட் அடுத்ததைத் தரும். கடைசி மாணவரின் பதிவை அழித்துவிட்டுப் புதியவரைச் சேர்த்தால் அழிந்தவரின் எண் இவருக்கு வந்துவிடும். 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்ற சொல்லையும் சேர்த்து அறிவித்தால் இது நடக்காது. மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0 பதிப்புக்கு முன்பு, கடைசிப் பதிவை அழித்த பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்கினால் இதே கதை நடந்தது. எண் கணக்கை அது நினைவகத்தில் மட்டும் வைத்திருந்ததே காரணம். பழைய சீட்டில் அச்சான எண் புது ஆளுக்குச் சொந்தமாவது எந்த அலுவலகத்திலும் வம்பு.

எண் திரும்ப வராமல் காத்தால் அடுத்து வருவது இடைவெளி. தரவுத்தளம் எண்ணைக் கொடுத்த பிறகு பதிவு ஏதோ காரணத்தால் ரத்தானால், கொடுத்த எண்ணை அது பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. 4819 ரத்தானால் 4818-க்கு அடுத்து 4820. வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் 4819 என்ன ஆகிறது என்று தெரியும்வரை மற்ற எல்லோரையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். வேகத்துக்காக எண்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்புக்குப் பிறகு, மின்சாரம் போய்ச் சர்வர் திடீரென்று அணைந்து எழுந்தால் எண் ஒரே தாவலாக ஆயிரம் கடந்து நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஆயிரம் பதிவு காணாமல் போனதாக நினைத்துத் தேட வேண்டியதில்லை.

இடைவெளி பிழை இல்லை என்பது நிரல் எழுதுவோருக்குச் சரி. சட்டத்துக்கு அப்படியில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகள் தொடர் எண்ணோடு இருக்க வேண்டும், அந்த வரிசை ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடிய வேண்டும் என்கிறது. வீடு, மனை விற்பனை ஏறும் புத்தகம் 1-இல் ஆவண எண்ணுக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு ஆண்டு எழுதுவது இதனால்தான். அந்தப் புத்தகத்தைத் தணிக்கை செய்பவர் 512-க்கும் 514-க்கும் நடுவே 513 எங்கே என்று கேட்டால், "சர்வர் நின்று போனது" என்று பதில் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி விதி 46-உம் இதே போக்கில், கடைக்காரர் தரும் விலைப்பட்டியலுக்கு நிதியாண்டு வாரியாகத் தொடர் எண் கேட்கிறது. பதினாறு எழுத்துக்கு மிகக் கூடாது.

இத்தகைய எண்ணைத் தானியங்கிப் புலத்திடம் கேட்பது ஆளைத் தெரியாமல் வேலை கொடுப்பது. இதற்கென்று தனியாக ஒரு சிறு அட்டவணை வைப்பார்கள்: அலுவலகம், புத்தகம், ஆண்டு, கடைசியாக வழங்கிய எண். பதிவு உறுதியாகும் அதே பரிவர்த்தனைக்குள் அந்த வரியில் ஒன்றைக் கூட்டி, கூட்டிய எண்ணை 'ரிட்டர்னிங்' மூலம் வாங்கி ஆவணத்தில் எழுதுவார்கள். ஒருவர் முடிக்கும்வரை அந்த வரி பூட்டியிருக்கும், அடுத்தவர் காத்திருப்பார். ரத்தானால் கூட்டியதும் சேர்ந்து ரத்தாகும். வேகம் குறையும்; ஓர் அலுவலகத்தில் ஒரு நாளுக்கு நடக்கும் பதிவுகளின் அளவுக்கு அது தாங்கும். முடியாமல் நிற்கும் ஆவணத்துக்கு நிலுவை எண்ணைத் தனி வரிசையில் கொடுத்துவிட்டு, பதிவு முடிந்த பிறகே ஆவண எண் போடும் நடைமுறையும் இதற்கு ஒத்துப்போகிறது.

ஆகவே தேர்ந்தவர்கள் இரண்டு எண்களையும் கலப்பதில்லை. அட்டவணைகளைக் கோப்பதற்கு உள்ளெண், மக்களிடம் கொடுப்பதற்கு வெளியெண். வெளியெண் தனியாக நின்றால் ஆளைக் காட்டாது. பிறப்புச் சான்றையே எடுத்துக்கொள்ளலாம்: பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாக வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். கோட்டக்குப்பத்துக் குடும்பத்தில் ஒரு குழந்தை எல்லை தாண்டி ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தால் சான்று புதுச்சேரியிலிருந்து வரும். அடுத்த குழந்தை இந்தப் பக்கம் பிறந்தால் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும். பதிவு எண்ணும் ஆண்டும் மட்டும் போதாது, எந்த அலுவலகம் என்பதும் சேர்ந்தால்தான் அது அடையாளம்.

எண்ணைத் தரவுத்தளம்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆதார் பதிவு முகாம்கள் தொடங்கிய காலத்தில் முகாம் கணினிகள் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்க வேண்டியிருந்தது. மையத் தரவுத்தளத்திடம் கேட்டு எண் வாங்க முடியாத இடத்தில் சீட்டு எதை வைத்துக் கொடுப்பது? சீட்டில் அச்சான பதிவு அடையாளம் 28 இலக்கம்: பதிவு நிலையத்தின் குறியீடுகளும் அங்கே ஏறிய வரிசை எண்ணும் 14 இலக்கம், தேதியும் நேரமும் 14 இலக்கம். நிலையக் குறியீடு வேறு வேறு என்பதால் இரண்டு முகாம்களில் ஒரே அடையாளம் விழாது. யாரையும் கேட்கத் தேவையில்லை. 12 இலக்க ஆதார் எண் பின்னால் மையத்தில் பிறந்தது. அது வரிசை எண்ணும் அன்று, ஒழுங்கின்றி எடுத்தது. கடைசி இலக்கம், தப்பாக அடித்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். சீட்டு வைத்திருப்பவர் 28 இலக்கத்தைக் கொடுத்துத் தன் 12 இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அனுப்புபவர் தானே உருவாக்கிய சாவியைக் கொண்டு தரவுத்தளம் உருவாக்கிய எண்ணை எடுப்பது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நாட்டில் இல்லை.

பொது மென்பொருள் உலகில் இதற்கு இணையாக இருப்பது யூயூஐடி என்ற 128 பிட் அடையாளம். எந்தக் கணினியும் யாரையும் கேட்காமல் உருவாக்கிக்கொள்ளலாம். இரண்டு ஒன்றாக விழும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. சேர்ப்பதற்கு முன்பே எண் கையில் இருப்பதால் திரும்பப் பெறும் பேச்சே எழாது. முற்றிலும் ஒழுங்கற்ற யூயூஐடிகள் தரவுத்தளத்தின் வரிசைப்படுத்திய தேடல் பட்டியலான 'இன்டெக்ஸில்' கண்ட கண்ட இடங்களில் செருகப்பட்டு வேகத்தைக் கெடுக்கும் என்ற குறை இருந்தது. முதல் 48 பிட்டில் நேரத்தை வைக்கும் ஏழாம் வகை, 2024-இல் தர ஆவணமாக வெளிவந்த பிறகு அந்தக் குறையும் பெரிதாக இல்லை. ஆனால் ஒப்புகைச் சீட்டில் 36 எழுத்து அச்சிட்டுத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்வது வேண்டாத வேலை. வரிசை எண்ணில் எதிர்ப்பக்கக் குறை: முகவரிப் பட்டையில் 4817-ஐ 4816 ஆக்கிப் பார்க்கத் தூண்டும். அனுமதியைச் சரிபார்க்காத தளமாக இருந்தால் அடுத்தவர் விண்ணப்பம் திறந்துகொள்ளும்.

கடைசியாக, 'ரிட்டர்னிங்' எழுதியும் தப்ப முடியாத ஒரு நிலை இருக்கிறது. பதிவு ஏறி உறுதியாகிவிட்டது. பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. இதற்கு ஃபெஞ்சல் மாதிரிப் புயல் கரையைக் கடக்க வேண்டியதில்லை, மோடத்தின் வயர் தளர்ந்தாலே போதும். மையத்தில் இருப்பவருக்குத் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்தினால் இரண்டாவது விண்ணப்பம், இரண்டாவது கட்டணம். அழுத்தாமல் விட்டால் எண் தெரியாது. இதற்கு மருந்து, படிவம் திறக்கும்போதே நிரல் ஒரு யூயூஐடியை உருவாக்கி ஒவ்வொரு முறையும் அதையே சேர்த்து அனுப்புவதும், தரவுத்தளத்தில் அந்தப் புலம் இருமுறை வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைப்பதும். இரண்டாம் முறை அனுப்பினால் தரவுத்தளம் சேர்க்க மறுக்கும்; நிரல் அந்த யூயூஐடியைக் கொண்டு முன்பு ஏறிய பதிவைத் தேடி எண்ணை எடுத்துச் சீட்டு அச்சிடும். போஸ்ட்கிரெஸில் இதை 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' என்று எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஏற்கெனவே பதிவு இருந்தால் அந்தக் கட்டளை எதையும் சேர்க்காது, எனவே 'ரிட்டர்னிங்' வெறுங்கையோடு திரும்பும். அப்போது பழைய பதிவைத் தனியாக ஒரு 'செலக்ட்' போட்டுத்தான் எடுக்க வேண்டும்.